1919 அக்டோபர் 27: எல்கரின் செலோ கான்செர்ட்டோ முதல் நாளே ஏன் கவிழ்ந்தது?

1919 அக்டோபர் 27, திங்கட்கிழமை சாயங்காலம், லண்டன் குயின்ஸ் ஹாலில் ஆங்கிலேய இசையமைப்பாளர் எட்வர்ட் எல்கரின் செலோ கான்செர்ட்டோ, அதாவது செலோ என்ற பெரிய வில் வாத்தியம் தனியாகவும் இசைக்குழு அதற்குத் துணையாகவும் வாசிக்கிற படைப்பு, முதல் தடவையாக மேடையேறியது. ஏறிய மேடையிலேயே தடுமாறி விழவும் செய்தது. இன்றைக்கு உலகத்தில் செலோவைக் கையில் எடுக்கிற எவரும் தொடாமல் விடாத படைப்பு அது. அன்றைக்கோ வந்திருந்த சபைக்கு அதன் உருவம்கூட சரியாகத் தெரிந்திருக்காது. என்ன நடந்தது என்று கேட்டால் எல்லோரும் சொல்கிற பதில் ஒன்றுதான்: ஆல்பர்ட் கோட்ஸ் என்ற கண்டக்டர் (இசைக்குழுவை நடத்துபவர்) எல்கருக்கு ஒதுக்கியிருந்த ஒத்திகை நேரத்தைத் தின்றுவிட்டார். தின்றார், அதில் சந்தேகமில்லை. ஆனால் ஒருவர் ஒரு மணி நேரம் கூடுதலாக எடுத்துக்கொண்டதற்கே இப்படி ஒரு படைப்பு கவிழ்ந்துபோகும் என்றால், கோளாறு அந்த ஒருவரோடு நின்றுவிடவில்லை. லண்டனில் அந்தக் காலத்தில் இசைக்குழுக்கள் எப்படி ஓடின, யார் யாருக்குச் சம்பளம் கொடுத்தார்கள், ஒத்திகை யார் கையில் இருந்தது என்பதையெல்லாம் பார்க்காமல் அந்தச் சாயங்காலத்தைப் புரிந்துகொள்ள முடியாது.

முதலில் படைப்பு பிறந்த கதை. 1918 மார்ச்சில் எல்கருக்கு லண்டனில் டான்சில் அறுவை சிகிச்சை நடந்தது. அறுபது வயதில் அது சின்ன விஷயமில்லை, நல்ல வலி. மயக்கம் தெளிந்து எழுந்தவர் பேப்பரும் பென்சிலும் கேட்டு ஒரு மெட்டை எழுதி வைத்தார். அதுதான் பின்னால் இந்தக் கான்செர்ட்டோவின் முதல் பகுதியில் வருகிற அந்த நீண்ட, அசைந்தாடும் மெட்டு. அப்புறம் மனைவி ஆலிஸோடு சசெக்ஸில் ஃபிட்டில்வொர்த் பக்கத்தில் பிரிங்க்வெல்ஸ் என்ற குடிசை வீட்டுக்குப் போய்விட்டார். மரம் வெட்டுவதும் காட்டில் நடப்பதுமாக இருந்த அந்த வீட்டில் வயலின் சொனாட்டா, நால்வர் இசை, பியானோ ஐவர் இசை என்று மூன்று படைப்புகள் அடுத்தடுத்து உருவாயின. 1919இல் செலோ கான்செர்ட்டோவும் முடிந்தது. முதல் உலகப் போருக்கு முன்னால் பேரரசின் ஆடம்பரத்துக்கெல்லாம் இசை எழுதியவர் என்று பெயர் வாங்கிய மனிதர், இப்போது தேவைக்கு மேல் ஒரு ஸ்வரம்கூட வைக்காமல் எழுதினார்.

தனி வாசிப்புக்கு அவர் தேர்ந்தெடுத்தது ஃபெலிக்ஸ் சால்மண்ட். வயது முப்பது. அந்த வருஷம் மே மாதம் விக்மோர் ஹாலில் எல்கரின் நால்வர் இசையையும் ஐவர் இசையையும் முதலில் வாசித்த குழுவில் செலோக்காரர் இவர்தான். கான்செர்ட்டோ எழுதும்போதே எல்கரோடு உட்கார்ந்து பகுதி பகுதியாக வாசித்துப் பார்த்தவர், எது கைக்கு வரும் எது வராது என்று யோசனை சொன்னவர். அதனால் தனி வாசிப்பவருக்குத் தயாரிப்பு போதவில்லை என்று யாரும் சொல்ல முடியாது. குறை முழுக்க அவருக்குப் பின்னால் உட்கார்ந்திருந்த எழுபது, எண்பது பேர் பக்கத்தில்தான்.

அந்த ஆட்களைப் பற்றி

அன்று வாசித்த இசைக்குழு லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ரா; அது 1904இல் ஒரு சண்டையில் பிறந்தது. அப்போது லண்டனில் நிரந்தரச் சம்பளம் தருகிற இசைக்குழு என்று ஒன்று இல்லவே இல்லை. வாசிப்பவர்கள் அன்றாடம் கிடைக்கிற வேலையை வைத்துப் பிழைத்தார்கள். இன்றைக்கு நாடகக் கொட்டகை, நாளைக்கு ஹோட்டல், மறுநாள் ஓபரா, இடையில் நாலு பிள்ளைகளுக்கு வகுப்பு. ஒரு கச்சேரிக்கு ஒப்புக்கொண்டவருக்கு அதைவிட நல்ல காசு வேறு இடத்தில் கிடைத்தால், ஒத்திகைக்குத் தனக்குப் பதில் ஒரு மாற்றாளை அனுப்புவார். அடுத்த ஒத்திகைக்கு அந்த மாற்றாள் இன்னொருவரை அனுப்புவார். கடைசியில் கச்சேரி மேடையில் வந்து உட்கார்பவர் ஒரு ஒத்திகைக்கும் வராதவராக இருப்பார். குயின்ஸ் ஹால் இசைக்குழுவை நடத்திய ஹென்றி வுட் இதைப் பொறுக்கமுடியாமல் 1904இல் இனி மாற்றாள் வழக்கம் கிடையாது என்று நிறுத்தினார். சுமார் 40 பேர் வெளியேறினார்கள், தங்களுக்குத் தாங்களே முதலாளியாக லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவைத் தொடங்கினார்கள். முதல் கச்சேரி அதே வருஷம் ஜூன் 9.

இதைப் படிக்கும்போது அந்த வாசிப்பாளர்களைத் திட்டத் தோன்றும். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. நிரந்தரச் சம்பளம் கொடுக்காமல் விசுவாசத்தை மட்டும் கேட்பது எந்த ஊரிலும் நடக்காத காரியம். அவர்கள் செய்தது தைரியமான விஷயம்: தொழிலாளிகளே நிர்வாகம், தொழிலாளிகளே பங்குதாரர்கள், யார் கண்டக்டர் என்பதையும் அவர்களே முடிவு செய்வார்கள். ஆனால் அந்த அமைப்பில் ஒரு பலவீனம் உள்ளேயே இருந்தது. கையில் மூலதனம் கிடையாது. ஒத்திகை என்பது வருமானம் தராத செலவு, அதனால் எப்போதும் குறைவாகத்தான் இருக்கும். குறைவாக இருக்கிற ஒன்றை யார் முதலில் எடுக்கிறார்களோ அவர்களுக்குத்தான் அது.

போர் வந்ததும் நிலைமை இன்னும் மோசமானது. ஆட்கள் படைக்குப் போனார்கள், 1917இல் போர் முடியும்வரை சொந்தக் கச்சேரிகளே வேண்டாம் என்று நிர்வாகம் தீர்மானித்தது. 1919இல் மறுபடி தொடங்கியபோது பல நாற்காலிகளில் புது முகங்கள். தலைமைக் கண்டக்டராக யாரைப் போடுவது? ஆல்பர்ட் கோட்ஸ் கிடைத்தார். பீட்டர்ஸ்பர்க்கில் ஆங்கிலேயக் குடும்பத்தில் பிறந்தவர், பெரிய கண்டக்டரான நிகிஷிடம் கற்றவர், மாரின்ஸ்கி அரங்கில் பெயர் எடுத்தவர், புரட்சிக்குப் பின் 1919இல்தான் ரஷ்யாவிலிருந்து தப்பி வந்து சேர்ந்தார். வயது 37. பணக்காரத் தொடர்புகள் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, சம்பளம் வாங்காமல் நடத்தித் தர ஒப்புக்கொண்டார்.

இந்தக் கடைசி விஷயத்தைக் கொஞ்சம் நின்று யோசியுங்கள். நீங்கள் கடனில் தத்தளிக்கிற ஒரு கூட்டு நிறுவனம். இலவசமாக வந்து உங்களைத் தூக்கி நிறுத்துகிறேன் என்கிற ஒருவரிடம், ஐயா உங்கள் நேரம் முடிந்துவிட்டது, கீழே இறங்குங்கள் என்று யார் போய்ச் சொல்வது?

அன்றைய நிகழ்ச்சி நிரல்

எல்கர் தன் கான்செர்ட்டோவை மட்டும் தானே நடத்துவதாக ஏற்பாடு. மற்றதெல்லாம் கோட்ஸ். அதில் போரோடினின் இரண்டாவது சிம்பொனி இருந்தது, வாக்னரின் வனக் காட்சி ஒன்று இருந்தது, அதோடு ஸ்கிரியாபினின் பரவசக் கவிதையும் இருந்தது. இந்த மூன்றாவதுதான் சிக்கல். எட்டு ஹார்ன், ஐந்து ட்ரம்பெட், ஆர்கன், மணிகள் என்று பெரும் படையைக் கேட்கிற இசை அது. கோட்ஸ் ரஷ்ய இசைக்காரர் என்று பெயர் வாங்கியவர், புது பதவியில் முதல் கச்சேரி, லண்டன் முழுக்கப் பார்த்துக்கொண்டிருக்கிறது. அவர் நேரத்தை எங்கே போட்டிருப்பார் என்பதைச் சொல்லவே வேண்டாம்.

ஆலிஸ் எல்கரின் நாட்குறிப்பில் அந்த இரண்டு நாளும் பதிவாகியிருக்கின்றன. முந்தைய நாள் ஒத்திகையும் சரியாக அமையவில்லை. கச்சேரி அன்று மத்தியானம் எல்கருக்கு என்று குறித்திருந்த நேரம் வந்தது, கோட்ஸ் இறங்கவில்லை. சுமார் ஒரு மணி நேரம் எல்கர் காத்திருந்தார். 62 வயது, நாட்டின் மிகப் பெரிய இசையமைப்பாளர், 1911இல் இதே இசைக்குழுவின் தலைமைக் கண்டக்டராக இருந்தவர், தன் முறைக்கு ஓரமாக நின்றார். பக்கத்தில் சால்மண்ட் படபடப்பில். கடைசியில் கிடைத்தது அரைகுறை அவசர ஒத்திகை. ஆலிஸ் கோட்ஸை மிருகத்தனமான, சுயநலம் பிடித்த, மரியாதை தெரியாத ஆள் என்று எழுதி வைத்திருக்கிறார். கச்சேரியிலிருந்தே விலகிவிடலாம் என்பது அவர் விருப்பம். எல்கர் விலகவில்லை. இதற்காக இவ்வளவு உழைத்த சால்மண்ட் மட்டும் இல்லையென்றால் விலகியிருப்பேன் என்று பிற்பாடு சொன்னார்.

இந்தப் படைப்புக்கு ஏன் இவ்வளவு அடி

சரி, ஒத்திகை குறைந்த கச்சேரிகள் அந்த லண்டனில் தினமும் நடந்தன. வாசித்தவர்கள் சாமானியர்கள் இல்லை, பார்த்த மாத்திரத்தில் எதையும் வாசிக்கக்கூடிய ஆட்கள். பின் இது மட்டும் ஏன் கவிழ்ந்தது? என் பார்வையில் இந்த வழக்கின் மையமே இங்கேதான் இருக்கிறது, ஆனால் பெரும்பாலானவர்கள் கோட்ஸைத் திட்டி முடித்ததும் இதைத் தாண்டிப் போய்விடுகிறார்கள்.

ஸ்கோரை, அதாவது இசைக்குறிப்புப் புத்தகத்தை, திறந்து பாருங்கள். தொடக்கத்திலேயே செலோ தனியாக நாலு கனத்த நாதக்கொத்துகளை (பல ஸ்வரங்கள் ஒரே நேரத்தில் ஒலிப்பது) போடுகிறது, அப்புறம் விருத்தம் பாடுவது போல் தாளக்கட்டு இல்லாமல் கீழே இறங்குகிறது. ஊதுவாத்தியங்களான கிளாரினெட்டும் பாஸூனும் ஹார்னும் மெல்லப் பதில் சொல்லவேண்டும். எப்போது நுழைவது என்பது எண்ணிக்கையில் இல்லை, செலோக்காரரின் மூச்சில் இருக்கிறது. அது பழகினால்தான் தெரியும். அடுத்து செலோ மேலே ஏறி நிற்கும்போது அந்த ஆஸ்பத்திரி மெட்டு வருகிறது. யாரிடம்? வயோலாக்களிடம் (வயலினைவிடச் சற்றே பெரிய வாத்தியம்) மட்டும். பக்கவாத்தியம் கிடையாது, கீழே ஆதாரமாக ஒரு ஸ்வரம் கிடையாது. ஒரு வரிசை வயோலாக்கள், ஒரே மெட்டு, சுற்றிலும் மௌனம். பத்து, பன்னிரண்டு பேர் ஒரே வில் போக்கில், ஒரே கனத்தில், ஒரே அசைவில் வாசிக்கவேண்டும். அதில் இரண்டு பேர் பக்கத்தை முதல் முறையாகப் பார்க்கிறவர்கள் என்றால் அரங்கின் கடைசி வரிசைக்கும் அது கேட்டுவிடும்.

இரண்டாம் பகுதி இன்னும் கஷ்டம். முதல் பகுதி முடிந்து இடைவெளியே இல்லாமல் செலோ தன் தொடக்க நாதக்கொத்தை விரலால் மீட்டுகிறது, ஒரு துரித உருவத்தைத் தொட்டுப் பார்க்கிறது, நிற்கிறது, மறுபடி தொடுகிறது, மறுபடி நிற்கிறது, கடைசியில் ஒரே ஓட்டமாக ஓடுகிறது. பின்னால் இருப்பவர்கள் பூனைநடையில் கூடவே ஓடவேண்டும். மூன்றாம் பகுதி வெறும் 60 பார் (தாளக் கட்டம்), செலோ கிட்டத்தட்ட நிறுத்தாமல் பாடுகிறது, ஒவ்வொரு வரியிலும் காலப்பிரமாணம் கொஞ்சம் இழுக்கும், கொஞ்சம் விடும். கடைசிப் பகுதியின் முடிவில் வேகமெல்லாம் உருகி நின்று மூன்றாம் பகுதியின் நினைவு ஒரு தடவை வந்து போகும்.

பெரிய சத்தத்துக்குள் தவறை ஒளித்து வைக்கலாம். ஸ்கிரியாபினில் மூன்றாவது ஹார்ன் ஒரு ஸ்வரம் விட்டால் யாருக்குத் தெரியும்? எல்கர் இங்கே ஒளிந்துகொள்ள ஒரு தூண்கூட வைக்கவில்லை. பார்வைக்கு எளிமையான பக்கம், கருப்பு மையே குறைவு. அன்றைய ஒத்திகையில் இருந்த யாராவது, இது சுலபமானதுதானே, கடைசியில் ஒரு ஓட்டம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்திருந்தால் ஆச்சரியப்பட மாட்டேன். நிலைமை நேர் எதிர். அன்றைய நிரலில் அதிக ஒத்திகை தேவைப்பட்டது இதற்குத்தான்.

இன்னொன்றும் உண்டு. செலோவின் குரல் நடு ஸ்தாயியில் இருப்பதால் இசைக்குழு கொஞ்சம் ஏறினாலும் அமுங்கிவிடும். அடக்கி வாசியுங்கள் என்று எல்லா கண்டக்டரும் சொல்வார்கள். ஆனால் பழகாத குழுவிடம் அடக்கி வாசியுங்கள் என்றால் அவர்கள் பயந்து வாசிப்பார்கள், ஒலியே எழாது. நம்பிக்கையோடு மெதுவாக வாசிப்பதற்குத்தான் நேரம் வேண்டும்.

சாட்சிகள் என்ன சொல்கின்றன

விமர்சகர் எர்னஸ்ட் நியூமன் அந்த வார இறுதியில் அப்சர்வர் பத்திரிகையில் எழுதியதுதான் முக்கியமான ஆவணம். ஒத்திகை போதவில்லை என்று வாரம் முழுக்க வதந்தி உலவியதைக் குறிப்பிட்டுவிட்டு, காரணம் எதுவானாலும், இவ்வளவு பெரிய இசைக்குழு தன்னை இவ்வளவு பரிதாபமாகக் காட்டிக்கொண்டது இதற்கு முன் நடந்திருக்காது என்று நேராகவே சொன்னார். பல இடங்களில் இசைக்குழு கேட்கவே இல்லை, கேட்ட இடத்தில் குழப்பம் என்பது அவர் புகார். நான் மேலே சொன்ன இரண்டு கோளாறுகளும் அப்படியே இதில் இருக்கின்றன. அதே கட்டுரையில் படைப்பை அவர் தனியாகப் பிரித்தார்: அழகானது, மிக எளிமையானது, அந்த எளிமைக்கு அடியில் ஆழ்ந்த ஞானம் இருக்கிறது என்றார்.

ஆலிஸ் மனைவி, அவர் கோபம் ஒருதலையானது என்று தள்ளலாம். நியூமனும் எல்கரின் நண்பர்தான், ஆனால் நட்புக்காகச் சொல்லைக் குறைக்கிற ஆள் இல்லை. ஆக இரண்டு சாட்சியும் ஒரே திசையைக் காட்டுகின்றன.

எதிர்வாதம் ஒன்று இருக்கிறது, அதையும் பார்த்துவிட வேண்டும். போருக்குப் பின் ரசனை மாறிவிட்டது, எல்கர் பழைய காலத்து ஆள் ஆகிவிட்டார், எப்படி வாசித்திருந்தாலும் இதுதான் நடந்திருக்கும் என்பார்கள். ரசனை மாறியது நிஜம். 1908இல் மான்செஸ்டரில் கண்டக்டர் ரிக்டர் நடத்திய எல்கரின் முதல் சிம்பொனி ஒரு வருஷத்துக்குக் கொஞ்சம் கூடுதலான காலத்தில் உலகெங்கும் சுமார் நூறு தடவை வாசிக்கப்பட்டது, 1910இல் வயலின் கலைஞர் கிரெய்ஸ்லர் வாசித்த அவரது வயலின் கான்செர்ட்டோவுக்குப் பெரும் வரவேற்பு. 1911இல் வந்த இரண்டாவது சிம்பொனியிலேயே சபை குளிர்ந்துவிட்டது, அப்போது போரே வரவில்லை. ஆனால் சபை குளிர்ச்சியாக இருப்பது வேறு, இசைக்குழு தடுமாறுவது வேறு. ரசனை மாறியதால் கிளாரினெட் நுழைவு தப்பாது. செலோ கான்செர்ட்டோ லண்டனில் இரண்டாம் முறை ஒலிக்க ஒரு வருஷத்துக்கு மேல் ஆனதற்கு இரண்டும் சேர்ந்து காரணமாக இருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். முதல் கச்சேரியின் சேதத்துக்கு ஒத்திகைதான் காரணம்.

யார் பொறுப்பு? கோட்ஸுக்கு முதல் பங்கு, அதில் மன்னிப்பு கிடையாது. தன் காலத்தின் மூத்த கலைஞரை ஒரு மணி நேரம் நிற்கவைப்பது நேர நிர்வாகப் பிரச்சினை இல்லை, மரியாதைப் பிரச்சினை. ஆனால் இரண்டு கண்டக்டர்கள் ஒரே ஒத்திகையைப் பங்கிடும்போது கடிகாரத்தைப் பார்த்து நிறுத்தச் சொல்கிற அதிகாரம் யாருக்கும் இல்லாமல் விட்டது நிர்வாகம். புது ஆட்கள் நிறைந்த குழுவுக்கு, நெடுநாள் கழித்து வருகிற முதல் சீசனில், ஒரு புதுப் படைப்பையும் ஸ்கிரியாபினையும் ஒரே நாளில் போட்டதும் அவர்கள்தான். எல்கரும் தன் பங்குக்கு சண்டை போடாமல் நின்றார். அவர் சுபாவம் அது, குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பிறகு

ஆலிஸ் 1920 ஏப்ரல் 7 அன்று காலமானார். அதன்பின் எல்கர் பெரிய அளவில் எதையும் முடிக்கவில்லை. சால்மண்ட் 1922இல் அமெரிக்கா போனார், ஜூலியார்ட், கர்ட்டிஸ் இசைப்பள்ளிகளில் ஆசிரியராக இருந்து லியனார்ட் ரோஸ் போன்ற பெரிய செலோக்காரர்களை உருவாக்கினார். முதல் கச்சேரியின் பாரத்தைத் தோளில் சுமந்தவரின் பெயர் இன்று கான்செர்ட்டோவோடு சேர்த்து யாருக்கும் நினைவுக்கு வருவதில்லை, அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

கான்செர்ட்டோவைக் காப்பாற்றியதில் பெரிய பங்கு பியாட்ரிஸ் ஹாரிசனுக்கு. ஆக்ஸ்டெட்டில் தன் தோட்டத்தில் நைட்டிங்கேல் பறவைகளோடு செலோ வாசித்து 1924இல் வானொலியில் ஒலிபரப்பானாரே, அவரேதான். கிராமபோன் குழாய்க்குள் வாசித்துப் பதிவு செய்த காலத்தில் எல்கரோடு சுருக்கிய வடிவில் ஒரு தடவை, மைக்ரோபோன் வந்தபின் 1928இல் முழுசாக ஒரு தடவை பதிவு செய்தார். முதல் கச்சேரியில் லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராவின் செலோ வரிசையில் ஜான் பார்பிரோலி என்ற பையன் இருந்தான், வயது 19. 1921இல் போர்ன்மவுத்தில் அவனே தனி வாசித்தான். 1965இல் செலோக்காரர் ஜாக்குலின் டு ப்ரே பதிவு செய்தபோது கண்டக்டர் அந்தப் பார்பிரோலிதான், குழுவும் அதே லண்டன் சிம்பொனி ஆர்க்கெஸ்ட்ராதான்.

பதிவுகளால் படைப்பு பிழைத்தது. லண்டனின் ஒத்திகைக் கோளாறு அதனால் தீரவில்லை, இருபதுகள் முழுக்க அப்படியே கிடந்தது. 1930இல் பிபிசி தன் சொந்த சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியது: வாசிப்பவர்களுக்கு நிரந்தர ஒப்பந்தம், நிச்சய வருமானம், மாற்றாள் கிடையாது, கண்டக்டர் ஏட்ரியன் போல்ட் கேட்ட ஒத்திகை அவருக்குக் கிடைத்தது. அந்த அக்டோபரில் குயின்ஸ் ஹாலில் அவர்கள் வாசித்த முதல் கச்சேரியைக் கேட்ட லண்டன் அசந்துபோனது. போட்டியில் மற்ற குழுக்களும் வேறு வழியில்லாமல் கட்டுப்பாட்டுக்கு வந்தன, 1932இல் கண்டக்டர் பீச்சம் தன் பங்குக்கு லண்டன் ஃபில்ஹார்மோனிக் இசைக்குழுவைத் தொடங்கினார். அதே வருஷம் எல்கரிடம் மூன்றாவது சிம்பொனி கேட்டு ஒப்பந்தம் போட்டதும் பிபிசிதான். போதுமான ஒத்திகையோடு தன் புதுப் படைப்பு மேடையேறும் என்று நம்ப அவருக்கு அப்போதுதான் காரணம் கிடைத்தது, ஆனால் அதை முடிக்காமலே 1934 பிப்ரவரி 23இல் இறந்துவிட்டார்.